தொழிற்சாலை மாசுக்கான தண்ணீர்ப் பரிசோதனை: ராணிப்பேட்டை வீட்டுக்கு வந்த ஒரு தனியார் ஆய்வகச் சேவை பற்றிய மதிப்புரை

குடிநீரைப் பரிசோதித்துத் தரும் தனியார் ஆய்வகங்கள் பலவும் இப்போது சாதாரணப் பரிசோதனையோடு நிற்காமல், தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களுக்கென்றே தனித் தொகுப்பு ஒன்றையும் விற்கின்றன. சென்னையில் இயங்கும் அப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தின் சேவையை, ராணிப்பேட்டையில் என் தங்கை குடும்பம் குடியிருக்கும் வீட்டின் குழாய்த் தண்ணீருக்காக வரவழைத்தோம். முன்பதிவிலிருந்து அறிக்கை வந்து சந்தேகங்கள் தீரும் வரை அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். ஆய்வகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்த ஆய்வகமானாலும் வேறொன்றானாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

ராணிப்பேட்டையில் இந்தக் கவலை வீண் கவலை அல்ல. சிப்காட் வளாகத்தில் சோடியம் டைகுரோமேட் முதலான இரசாயனங்களைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மாசடைந்த இடங்களை ஆராயும் அமெரிக்கத் தொண்டு அமைப்பான பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்புதான் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்தியது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பது என்பது தெளிவாகும். தோல் பதனிடுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியத்தின் சல்பேட் உப்பு. அது சாதாரண நிலத்தடி நீரின் காரத்தன்மையில் கரையாமல் படிந்து, பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வெகுதூரம் நகர்ந்து கிணற்றைத் தொடுவது, பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவப்படும் சோற்றுப்பின் சோடியமும் குளோரைடும்தான். குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது நீரில் கரைந்து, நிலத்தடி நீரோடு சேர்ந்து ஓடக்கூடியது. நச்சுத்தன்மையும் இதற்கே அதிகம். ஆகவே, தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு. குரோமேட் கழிவு கிடக்கும் திசையிலிருந்து நீரோட்டம் வரும் இடத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது குரோமியம்.

ஆய்வகத்தை அழைப்பதற்கு முன் கைக்கருவிகளையும் பார்த்துவிட்டோம். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து அதைக் கரைந்த உப்பாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆயிரத்து முந்நூறு என்று காட்டும் ஒரு மீட்டரிடம், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை. ஆனாலும் அது பயனற்ற கருவி என்று நான் சொல்ல மாட்டேன். உப்பு நகர்ந்து வரும் ஊரில், ஒரே தெருவின் நான்கு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று மட்டும் இரு மடங்கு காட்டுமானால், எந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அந்த மலிவான மீட்டரே சொல்லிவிடும். டைபினைல் கார்பசைடு தூளைக் கொண்டு ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கண்டறியும் பெட்டியும் வாங்கினோம். சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி, அமிலத் துளிகளை விட்டு, தூளைப் போட்டுக் குலுக்கினால், குரோமியம் இருக்கும் அளவுக்கு ஏற்ப இளஞ்சிவப்பிலிருந்து ஊதா வரை நிறம் ஏறும். எங்கள் தண்ணீரில் நிறம் ஏறவில்லை. ஆனால் பெட்டியுடன் வந்த வண்ண அட்டையில் மிகக் குறைந்த படியே 0.1 என்றுதான் தொடங்கியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மொத்தக் குரோமியத்துக்கு விதிக்கும் வரம்போ 0.05. வரம்பைப் போல இரு மடங்கு இருந்தால் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும் ஒரு சோதனையில் நிறம் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளித்துச் செய்யப்படும் அந்தச் சோதனை, கலங்கல், கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் போன்றவற்றுக்கானது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

இனி, நாங்கள் வாங்கிய சேவைக்கு வருகிறேன். தொகுப்பின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது, அறுபதுக்கும் மேற்பட்ட அளவுருக்கள் சோதிக்கப்படும் என்ற வாக்குறுதி. அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்தால் அது ஐ.எஸ். 10500இன் அட்டவணைகளை ஏறத்தாழ அப்படியே எடுத்துப் போட்டது என்பது தெரியும். நிறம், மணம், சுவை என்று தொடங்கி, பூச்சிக்கொல்லிகள் பத்துப் பதினைந்தைக் கடந்து, கதிரியக்கம் வரை போகும் அந்தப் பட்டியலில், ராணிப்பேட்டை வீட்டுக்காரருக்கு உண்மையில் வேண்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். நெல் வயல் நடுவில் இருக்கும் கிணற்றுக்குப் பூச்சிக்கொல்லிப் பட்டியல் பொருத்தமானது. சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பில், விலையை உயர்த்துவதைத் தவிர அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. முன்பதிவுப் படிவத்தில் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதா, அது எந்த நிறுவனத்தினுடையது என்று கேட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் என்ன தொழில் நடக்கிறது, தண்ணீர் நகராட்சியிலிருந்து வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலக்கிறதா என்ற கேள்விகள் எதுவும் அதில் இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழும் வீட்டில், சமையலறைக் குழாயின் மாதிரி எதைப் பற்றிச் சொல்கிறது என்றே பிறகு தெரியாமல் போகும். நாங்களாகவே நகராட்சி இணைப்பை அடைத்து, தொட்டியைக் காலி செய்து, போர் தண்ணீரை மட்டும் ஏற்றி வைத்திருந்தோம்.

மாதிரி எடுக்க வந்த இளைஞரின் வேலையில் பாராட்ட வேண்டியதும் உண்டு, குறை சொல்ல வேண்டியதும் உண்டு. கரைப்பான்கள் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கான சிறு கண்ணாடிக் குப்பிகளை அவர் நிரப்பிய விதம் கச்சிதமாக இருந்தது. குழாயை நூல் போல் ஒழுகவிட்டு, குப்பியின் வாய்க்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கும் வரை நிரப்பி, மூடியை அதன் மேல் வழுக்கி வைத்துத் திருகி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டி, காற்றுக் குமிழி எதுவும் மேலே ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு குப்பியில் கடுகளவு குமிழி தெரிந்ததும் அதைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பினார். அந்தக் குமிழிக்குள் ஆவியாகிப் போகும் பொருளைத்தான் ஆய்வகம் தேடுகிறது என்பதால் இது வெற்றுச் சடங்கு அல்ல. உலோகங்களுக்கான பிளாஸ்டிக் புட்டியில் நைட்ரிக் அமிலம் முன்கூட்டியே விடப்பட்டிருந்தது. அதைக் கழுவாமலும் வழியவிடாமலும் நிரப்பினார். இதுவும் சரி.

குறை, ஆறு இணைதிறன் குரோமியத்தில் நேர்ந்தது. இந்தச் சோதனைக்கான தண்ணீரை அமிலம் சேர்க்காத தனிப் புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய், 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். நாளாக ஆக அது தண்ணீரில் உள்ள பிற பொருள்களோடு வினைபுரிந்து மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடலாம். அமிலம் சேர்ந்தால் அந்த மாற்றம் இன்னும் எளிது. தனிப் புட்டியில்தான் எடுத்தார். ஆனால் அறிக்கை வந்தபோது, மாதிரி எடுத்த தேதிக்கும் சோதனை தொடங்கிய தேதிக்கும் நடுவே ஒரு வார இறுதி முழுவதும் கடந்திருந்தது. அதன் எதிரே 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. இதற்குத் தனிக் கட்டணம் வேறு வாங்கியிருந்தார்கள்.

அறிக்கையின் பெரிய சிக்கலும் அதே சொற்றொடரைச் சுற்றித்தான் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் சிக்கல் அதனருகே எண் இல்லாததில் இருந்தது. ஈயம், காட்மியம், நிக்கல், மொத்தக் குரோமியம் ஆகிய எல்லாவற்றின் எதிரிலும் கண்டறியும் அளவுக்குக் கீழ் என்று இருந்ததே தவிர, அந்தக் கண்டறியும் அளவு என்ன என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு 0.01, காட்மியத்துக்கு 0.003, நிக்கலுக்கு 0.02 என்று வரம்பு வைக்கிறது; இவற்றுக்குத் தளர்வும் கிடையாது. கருவியால் 0.05க்குக் கீழே பார்க்கவே முடியாது என்றால், வரம்பைப் போல ஐந்து மடங்கு ஈயம் இருக்கும் தண்ணீருக்கும் அதே நற்சான்று கிடைத்துவிடும். தொலைபேசியில் கேட்டபோது, பிளாஸ்மா உமிழ்வு முறையில் (மிகச் சூடான பிளாஸ்மாவில் உலோகம் உமிழும் ஒளியை அளப்பது) சோதித்ததாகவும் குரோமியத்துக்குத் தாங்கள் உறுதியளிக்கும் மிகக் குறைந்த அளவு 0.05 என்றும் சொன்னார்கள். தர வரம்பும் கருவியின் கண்பார்வையும் ஒரே கோட்டில் நிற்கும் சோதனையால், மீறல் இருந்தால் சொல்ல முடியும். நெருங்கி வருகிறதா என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஆய்வகம் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். வரவேற்பில் பேசியவர் மழுப்பாமல், தொழில்நுட்பப் பொறுப்பாளரான ஒரு அம்மையாரிடம் இணைப்பைக் கொடுத்தார். அமிலம் சேர்த்த உலோக மாதிரி ஆறு மாதம் வரை கெடாது என்பதால் புதிதாக எடுக்கத் தேவையில்லை என்றும், அதையே தங்களிடம் உள்ள, அணுக்களை நிறையைக் கொண்டு பிரித்து மிகச் சிறிய அளவையும் காட்டும் ஐ.சி.பி. நிறைமாலைக் கருவியில் மறுபடி ஓட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அளவிடக்கூடிய கீழ்வரம்பையும் எழுதித் தருவதாகவும் அவர் சொன்னார், அப்படியே செய்தார்கள். திருத்திய அறிக்கையில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.006 மில்லிகிராம், கீழ்வரம்பு 0.001 என்று இருந்தது. ஆறு இணைதிறன் குரோமியம் மொத்தக் குரோமியத்தின் ஒரு பகுதி என்பதால், அது இந்த 0.006ஐத் தாண்டி இருக்கவே முடியாது. கலிபோர்னியா மாநிலம் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கென்றே 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ள கடுமையான வரம்பான 0.010க்கும் இது கீழேதான். அதாவது, மொத்தக் குரோமியத்தைக் கூர்மையான கருவியில் முதலிலேயே பார்த்திருந்தால், 24 மணி நேரக் கெடுவோடு கூடிய அந்தத் தனிச் சோதனை எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. மொத்தம் கணிசமாக வந்த பிறகு அதில் எவ்வளவு நச்சு வடிவம் என்று பிரித்தறியவே அது வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதை நியாயமான வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. கேட்ட பிறகு அந்தக் கட்டணத்தை அடுத்த மாதிரிக்கு ஈடுசெய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அடுத்த மாதிரி எதற்கு என்பதும் சொல்லத் தகுந்தது. வந்த இளைஞர் வழக்கப்படி குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டுத்தான் மாதிரி எடுத்தார்; கிணற்று நீரின் தரத்தை அறிய அதுவே சரியான முறை. ஆனால் வீட்டில் காலையில் எழுந்தவுடன் சொம்பில் பிடிப்பது இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர். அதையும் தனியாக ஒரு புட்டியில் பிடித்துக் கொடுத்தோம். ஓடவிட்ட தண்ணீரில் 0.004 ஆக இருந்த நிக்கல், இரவு நின்ற தண்ணீரில் 0.031 ஆக இருந்தது. காரணம் சிப்காட் அல்ல, சமையலறையில் அண்மையில் மாற்றிய பளபளக்கும் குழாய். நிக்கலும் குரோமியமும் முலாம் பூசிய புதுக் குழாய்களிலிருந்து நிக்கல் கரைந்து வருவது அறியப்பட்ட ஒன்றே. காலையில் சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்தால் போதும். நின்ற தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் பழி முழுவதும் தொழிற்சாலை மீது விழுந்திருக்கும். ஓடவிட்டதை மட்டும் சோதித்திருந்தால் நிக்கல் கண்ணில் பட்டிருக்காது. இரண்டு மாதிரி எடுக்கும் யோசனையை ஆய்வகமே முன்வைத்திருக்க வேண்டும்.

மற்ற எண்களில் குளோரைடு மட்டும் ஏற்கத்தக்க அளவான 250ஐத் தாண்டி, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் 1000க்கு வெகு கீழே நின்றது. டிடிஎஸ் மீட்டர் சொன்னதும் இதைத்தான். கரைப்பான்கள் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கீழ்வரம்பை முதலிலேயே எழுதியிருந்தார்கள் என்பதால் அதை நம்ப முடிந்தது. தோலுக்கும் துணிக்கும் நீர் ஒட்டாத் தன்மை தரப் பயன்படும் பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் தொகுப்பில் இல்லை. அமெரிக்கா 2024இல் இவற்றில் இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு விதித்தது. 2012இல் வந்த ஐ.எஸ். 10500இல் இவற்றுக்கு இடமே இல்லை. அட்டவணையைப் பார்த்துத் தொகுப்பு தயாரிக்கும் ஆய்வகம், அட்டவணையில் இல்லாததைத் தேடாது. தோல் தொழில் நடக்கும் ஊருக்கென்று விற்கும் தொகுப்பில் இது பெரிய ஓட்டை.

பரிசோதனை ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.இன் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு உண்டு. அந்த முத்திரையோடு நின்றுவிடாமல், சான்றிதழ் எண்ணைக் கொண்டு அங்கீகார எல்லையைப் பார்ப்பது நல்லது. எந்தப் பொருளுக்கு, எந்த முறையில், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று அதில் தனித்தனியாக இருக்கும். முத்திரை ஆய்வகம் முழுவதற்குமானது அல்ல, அந்தந்தச் சோதனைக்கானது.

அறிக்கை வந்த மறுநாளே ஆர்.ஓ. இயந்திரம் விற்பவர் ஒருவரிடமிருந்து தங்கையின் எண்ணுக்கு அழைப்பு வந்ததைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தண்ணீரைச் சோதிப்பவருக்கும் இயந்திரம் விற்பவருக்கும் தொடர்பு இருந்தால் அறிக்கையில் சிவப்பு மையில் வரும் வரிகளின் மீதே சந்தேகம் வரும். கேட்டதற்கு, எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆய்வகம் மறுத்தது.

செலவைப் பொறுத்தவரை, முழுத் தொகுப்பும் வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் கட்டணமும் சேர்ந்து பத்தாயிரத்தை நெருங்கியது. குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை ஆகியவை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மிகக் குறைந்த கட்டணத்துக்கு மாதிரி கொடுக்கலாம். அதற்குத் தனியாரிடம் போக வேண்டியதில்லை. குரோமியம், நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களுக்காக இந்த ஆய்வகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், தொகுப்பை அல்ல. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் ஏறியதும் மறுபடி பார்க்க எண்ணியிருக்கிறோம்; அதற்கு உலோகங்களை மட்டும் ஐ.சி.பி. நிறைமாலையில், கீழ்வரம்பையும் குறிப்பிட்டு, நின்ற தண்ணீருக்கும் ஓடவிட்ட தண்ணீருக்கும் தனித்தனியாகக் கேட்டோம். தொகுப்பு விலையில் பாதிக்கும் குறைவாக வந்தது. இணையத்தில் முன்பதிவு செய்யும் இடத்தில் இந்த வசதி காட்டப்படுவதில்லை. தொலைபேசியில் கேட்டால் மட்டுமே தருகிறார்கள்.